தியான்சந்தைச் சேலத்தில் தேடுங்கள்

1936 ஆகஸ்ட் 14. பெர்லினில் மழை. அன்று நடக்க வேண்டிய ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஆகஸ்ட் 15 அன்று தியான்சந்த் தலைமையில் இறங்கிய இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வென்றது. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடிக்கு வீரர்கள் வணக்கம் செலுத்தியதைத் தியான்சந்த் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 'கோல்' என்ற அந்தப் புத்தகம் 1952-இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து. 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை அதை வெளியிட்டது.

விளையாட்டுப் பக்கம் படிப்பவருக்கு ஆட்டம் ஒருநாள் தள்ளிப்போனது ஒரு வரிச் செய்தி. தபால் முத்திரை சேர்ப்பவருக்கு அதுவே தலைப்புச் செய்தி. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் குத்திய சிறப்பு முத்திரையோடு உறைகளும் அட்டைகளும் இன்றும் உலகெங்கும் விற்பனைக்கு வருகின்றன. ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் நினைவுக்காக வாங்கி வாங்கி ஊருக்கு அனுப்பியவை அவை. பொதுவாக அரிய பொருள் அல்ல. ஆனால் தேதியைப் பாருங்கள். 14.8.36 என்றிருந்தால் மழை பெய்த நாள். 15.8.36 என்றிருந்தால் தியான்சந்த் ஆடிய நாள். சரியாகப் பதினோரு ஆண்டு கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது என்பதை நினைத்தால், அந்தச் சின்ன வட்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்க மனம் வராது.

அந்த அட்டைகளில் ஒட்டியிருக்கும் அஞ்சல்தலைகளில் ஹாக்கியைத் தேடினால் கிடைக்காது. பெர்லின் விளையாட்டுக்காக ஜெர்மனி எட்டு தலைகள் வெளியிட்டது. ஜிம்னாஸ்டிக்ஸ், நீரில் பாய்தல், கால்பந்து, ஈட்டி, தீபம் ஏந்தி ஓடுபவர், வாள்சண்டை, படகு, குதிரை. ஹாக்கி மட்டை இல்லை. அதற்கு முன் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றது. அமெரிக்கா வெளியிட்ட இரண்டு தலைகளில் ஒன்றில் ஓட்டக்காரர், மற்றதில் வட்டெறிபவர். அதற்கும் முன் 1928, ஆம்ஸ்டர்டாம். நெதர்லாந்தும் எட்டு தலைகள் போட்டது. அவற்றிலும் ஹாக்கி இல்லை. ஹாக்கி உலகம் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர் மூன்று தங்கம் வாங்கினார். மூன்று முறையும் போட்டியை நடத்திய நாட்டின் அஞ்சல்தலையில் அவருடைய ஆட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் முத்திரை கைகொடுக்கிறது. அஞ்சல்தலையில் யார் வரவேண்டும், எது வரவேண்டும் என்பதை ஓர் அரசாங்கம் உட்கார்ந்து முடிவு செய்கிறது. அஞ்சலகத்துச் சீல் அப்படி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இன்ன ஊர், இன்ன நாள் என்று மட்டும் சொல்லும். அந்த ஊரில் அந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் கையில் அது ஓர் ஆவணமாகிவிடுகிறது. ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை அவர் படம் போட்ட தலைகளை மட்டும் வைத்துத் தொகுத்தால் ஒரு பக்கம்கூட நிறையாமல் போகலாம். முத்திரைகளை வைத்துத் தொகுத்தால் ஆல்பமே நிறையும்.

ஆனால் தேதி தெரியவேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் என்றதும் பலரும் 1928 ஆகஸ்டு உறைகளை வாங்கிவிடுகிறார்கள். ஹாக்கி நடந்தது மே மாதம். மே 26-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் இந்தியா நெதர்லாந்தை 3-0 என்று வென்று முதல் தங்கத்தை எடுத்துவிட்டது. ஜூலை இறுதியில் தொடக்க விழா நடந்தபோது ஹாக்கிப் பதக்கம் கொடுத்து முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே ஆகஸ்டு முத்திரை ஓட்டப்பந்தயம் சேர்ப்பவருக்குத்தான் உதவும். லண்டனுக்கு 1948 ஆகஸ்ட் 12. சுதந்திர இந்தியா தன்னை ஆண்டவர்களை அவர்கள் மண்ணிலேயே, வெம்ப்ளியில், 4-0 என்று வென்ற நாள். அந்த மாதத்தில் பிரிட்டனில் தபால் இயந்திரங்கள் ஒலிம்பிக் வாசகத்தோடு முத்திரை அடித்துக்கொண்டிருந்தன. அந்த வாசகத்தின் பக்கத்தில் 12 ஆகஸ்ட் என்று இருக்கும் சாதாரணக் கடித உறை ஒன்று போதும். ஹெல்சிங்கிக்கு 1952 ஜூலை 24. பல்பீர் சிங் ஐந்து கோல் அடித்த இறுதி ஆட்டம். டோக்கியோவுக்கு 1964 அக்டோபர் 23. பாகிஸ்தானை 1-0 என்று வென்ற நாள். அந்த ஒலிம்பிக்குக்காக ஜப்பான் வெளியிட்ட நீண்ட வரிசையில் ஹாக்கிக்கும் ஒரு தலை உண்டு. அதை அந்தத் தேதி முத்திரையோடு பார்ப்பது தனி மகிழ்ச்சி.

தமிழருக்கு மிக நெருக்கமான தேதி மாஸ்கோ, 1980 ஜூலை 29. சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று எட்டாவது தங்கத்தை எடுத்தது. சோவியத் நாடு அதற்கு முந்தைய ஆண்டே ஒலிம்பிக் பந்து விளையாட்டுகளுக்கு வெளியிட்ட தலைகளில் ஹாக்கியும் இருந்தது. ஹாக்கித் தலை, மாஸ்கோ முத்திரை, அந்தத் தேதி: மூன்றும் ஒரே உறையில் அமைந்தால் அதைப் பாஸ்கரன் உறை என்று கொண்டாடலாம். அவர் முகம் அதில் இராது. ஆனால் அவர் கழுத்தில் தங்கப் பதக்கம் ஏறிய நாள் இருக்கும்.

இனி நம் நாட்டுத் தலைகள். சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21-இல் வந்தது. விளையாட்டு அதில் நுழைய 1951 வரை ஆனது. தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுக்காக மார்ச் 4 அன்று இரண்டணாவிலும் பன்னிரண்டணாவிலும் தலைகள் வந்தன. தீபமும் ஆசிய வரைபடமும் அவற்றின் படம். ஹாக்கிக்கு என்றே வந்தது 1966-இல். பாங்காக் ஐந்தாவது ஆசிய விளையாட்டில் இந்தியா பாகிஸ்தானை வென்று தங்கம் எடுத்தது டிசம்பரில். அதே டிசம்பர் 31-ஆம் தேதி பதினைந்து காசுத் தலை கவுண்டருக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரு மாதத்துக்குள் படம் வரைந்து, அச்சடித்து, நாடு முழுதும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது. அன்று அணித் தலைவர் கோல்கீப்பர் சங்கர் லட்சுமண்.

தியான்சந்த் 1979 டிசம்பர் 3 அன்று காலமானார். மறு ஆண்டு அதே நாளில், 1980 டிசம்பர் 3-இல், முப்பத்தைந்து காசில் அவருக்குத் தலை வந்தது. உயிரோடு இருந்தவரை அவரைத் தாங்காத சதுரக் காகிதம், போன பிறகு தாங்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் பம்பாய் உலகக் கோப்பைக்கு ஒரு ரூபாய்த் தலை. கிரிக்கெட்டுக்கு 1996-இல் சி.கே. நாயுடு, வினு மன்கட், தியோதர், விஜய் மெர்ச்சன்ட் என்று நால்வருக்கும் ஒரே வரிசையில் தலைகள் வந்தன. 2013-இல் ஓய்வு பெறும் வேளையில் டெண்டுல்கருக்கு வந்தது. எட்டு ஒலிம்பிக் தங்கம் தந்த ஆட்டத்தை அந்த அளவுக்குக் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ஆனால் சேலம், நாமக்கல் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று பாங்காக் வெற்றித் தலை, தியான்சந்த் தலை இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. பதினைந்து காசும் முப்பத்தைந்து காசும் அந்தந்தக் காலத்தில் சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டிய மதிப்பு. அதனால் இவை ஆல்பத்துக்குள் மட்டும் போய்ச் சேரவில்லை. கல்யாணப் பத்திரிகையிலும், வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலும், கடன் கேட்ட கடிதத்திலும் ஏறி ஊர் ஊராகப் போயின. எங்கோ ஓர் அஞ்சலகத்துச் சீல் அவற்றின் மேல் விழுந்தது. அந்த உறைகள் இன்னும் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

நம் சமவெளிக்கு இதில் ஒரு தனி வசதி. இது கடிதம் வந்து குவிந்த ஊர். சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் விரதச் சாப்பாட்டுக்காகப் போகிறது. போன் சுலபமாகக் கிடைக்காத காலத்தில் விலை கேட்டும், சரக்கு வந்ததா என்று விசாரித்தும், பணம் அனுப்பியதைச் சொல்லியும் இந்தூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் கடிதம் வந்துகொண்டே இருக்கும். மண்டிகளில் அவற்றைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு வடக்கே ஒவ்வொரு சரக்குச் சந்தையிலிருந்தும் உறை வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரை போய்ப் போர் போட்டன. அங்கே மாதக்கணக்கில் தங்கிய ஆட்கள் வீட்டுக்கு எழுதினார்கள். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் தியான்சந்த் ஒட்டியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? இப்போது கவனிக்கலாம். அதில் ஜான்சி அஞ்சலகத்துச் சீல் விழுந்திருந்தால், அது தியான்சந்த் வாழ்ந்த ஊர்ச் சீல். அப்படி ஓர் உறையைச் சேலத்துப் பழைய பேப்பர்க் கடையில் கண்டெடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான். கம்பி குத்திய ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை. அது அந்தக் கடிதம் வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளம்.

வட்டத்துக்குள் என்ன படிக்கவேண்டும் என்பதும் பெரிய வித்தை இல்லை. ஊர்ப் பெயர், தேதி, கீழே பின்கோடு. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. ஆகவே பாங்காக் வெற்றித் தலையின் மேல் 636001 என்ற சேலத்து எண்ணோடு சீல் இருந்தால், யாரோ அந்தத் தலையை ஐந்தாறு ஆண்டுகளாவது வைத்திருந்து பிறகுதான் ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வந்து சேர்ந்த ஊரின் சீல் அங்கே விழுந்திருக்கும். இரண்டு தேதிகளையும் கழித்தால் கடிதம் வழியில் எத்தனை நாள் இருந்தது என்று தெரியும்.

இதுவரை சொன்னது தரையில் ஆடும் ஹாக்கி. இனி பனி ஹாக்கிக்கு வருகிறேன். நாற்பது டிகிரி வெயிலில் வளர்ந்த சேலத்துப் பிள்ளைகளில் பலர் அந்த ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தது டிவியில் அல்ல, ஸ்டாம்ப் பாக்கெட்டில். புத்தகக் கடைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் கண்ணாடிக் காகித உறைக்குள் வெளிநாட்டு ஸ்டாம்ப் விற்கும். ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, மங்கோலியா, சோவியத் நாடு. பெரிய பெரிய தலைகள், பளிச்சென்ற வண்ணங்கள். குளிர்கால ஒலிம்பிக் வரிசைகள் அதில் நிறைய இருக்கும். தலையில் கவசமும் கையில் வளைந்த மட்டையும் காலில் கத்தி பொருத்திய பூட்ஸுமாக யாரோ இருவர் வெள்ளைத் தரையில் மோதிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தப் பாக்கெட்டுகளின் வழியாகத்தான் அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொண்டேன். பந்துக்குப் பதில் ஒரு தட்டையான ரப்பர் வில்லை என்பதும், ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் என்பதும் பிறகு படித்து அறிந்தவை.

அந்தத் தலைகளின் மூலையில் அழகாக ஒரு கால்வட்டச் சீல் இருக்கும். திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். அவை எந்தக் கடிதத்திலும் ஏறியதில்லை. சேகரிப்பாளருக்கு மலிவாக விற்பதற்காக அச்சகத்திலேயே சீலையும் சேர்த்து அடித்துக் கட்டுக்கட்டாக அனுப்பியவை. சின்ன வயதில் அதில் குறை தெரியாது, தெரியவும் வேண்டாம். எத்தனையோ பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தைச் சொல்லிக் கொடுத்தவை அவை. ஆனால் முத்திரையின் அருமை தெரிந்த பிறகு, ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கோணலாக விழுந்த உண்மையான சீலுக்கு முன் அந்த அழகுக் கால்வட்டம் நிற்காது.

பனி ஹாக்கி வீரர்களை அஞ்சல்தலையில் வைத்துப் போற்றுவதில் முதலில் சொல்லவேண்டிய நாடு கனடா. 1956-லேயே அந்த ஆட்டத்துக்கு ஒரு தலை. 1997-இல் பால் ஹெண்டர்சன் அடித்த ஒரு கோலுக்கே தலை வெளியிட்டார்கள். 1972 செப்டம்பர் 28 அன்று மாஸ்கோவில், சோவியத் அணியுடன் ஆடிய எட்டு ஆட்டத் தொடரின் கடைசி நிமிடத்தில் விழுந்து தொடரையே கனடாவுக்கு வென்று கொடுத்த கோல் அது. பிறகு 2000-இல் வேய்ன் கிரெட்ஸ்கி, கோர்டி ஹாவ், மோரிஸ் ரிஷார், டக் ஹார்வி, பாபி ஓர், ஜாக் பிளான்ட் என்று ஆறு பேருக்கு ஒரே தாளில் தலைகள் வந்தன. ஆறில் நால்வர் அப்போது உயிரோடு இருந்தவர்கள். கிரெட்ஸ்கி ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. மோரிஸ் ரிஷார் தன் முகம் அச்சான தலையைப் பார்த்த அதே ஆண்டு மே மாதம் மறைந்தார். தியான்சந்துக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் ஆறு ஆறு பேராகக் கனடா தன் வீரர்களை அடுக்கிக்கொண்டே போனது.

நம் நாட்டிலும் பனி ஹாக்கி இல்லாமலில்லை. லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களின் மேல் பிள்ளைகள் ஆடுகிறார்கள். இந்தியப் பெண்கள் அணி 2025-இல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அந்த அணியில் பெரும்பாலோர் லடாக், இமாச்சல் மலைக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்காக லே அஞ்சலகத்திலிருந்து ஒரு சிறப்பு உறை கேட்க நாம் லடாக்கில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

நம் சேலம், நாமக்கல் மண்ணிலிருந்து விளையாட்டோடு தொடர்புள்ள யாராவது தலையில் ஏறியிருக்கிறார்களா என்று தேடினால் ஒரு பெரிய மனிதர் கிடைக்கிறார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். 1938 முதல் 1946 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அவர் நூற்றாண்டான 1989-இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. இன்னொரு பொருத்தம் இதைவிடச் சுவையானது. 1959 முதல் 1962 வரை நேருவின் அமைச்சரவையில் அவர் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். தபால் தந்தித் துறையே அவர் பொறுப்பில்தான் இருந்தது. திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் 1960-இல் தலைகள் வந்தபோது துறைக்கு அமைச்சர் குமாரமங்கலத்துக்காரர். பாரதி தலை வெளியான செப்டம்பர் 11 சுப்பராயனின் பிறந்த நாளும்கூட. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவர் விளையாட்டுத் தலை சேர்க்கத் தொடங்கினால், முதல் பக்கத்தில் இவரை ஒட்டலாம். திருச்செங்கோடு 637211 சீலோடு அந்தத் தலை கிடைத்தால் விடவே கூடாது. அந்தச் சீல் விழுந்த 1989-இல் நாமக்கல் தனி மாவட்டமாகவில்லை. 1997 தொடக்கத்தில்தான் சேலத்திலிருந்து பிரிந்தது.

சேர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல ஆசை. உறையிலிருந்து தலையைக் கிழித்து எடுக்காதீர்கள். தலையை மட்டும் சேர்ப்பவர் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பது சரி. முத்திரை சேர்ப்பவர் உறையை முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும். செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் மஞ்சள் கறை ஏறிவிடும், எடுக்க வழியில்லை. கையால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள். நம் ஊர் வறண்ட வெயில் காகிதத்துக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை ஈரமும் இராமபாணப் பூச்சியும். மழைக்காலம் முடிந்ததும் ஆல்பத்தை ஒருமுறை வெளியே எடுத்துப் பிரித்து நிழலில் காற்றாட வையுங்கள்.

புது முத்திரை வேண்டுமென்றால் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டும். பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் இயந்திரம் வரிவரியாக அடித்துவிடும், சில சமயம் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியும் வரும். அப்படிக் கிறுக்கி வந்த உறையைப் பார்த்து வயிறு எரிந்த அனுபவம் எல்லாச் சேகரிப்பாளருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நேரில் போய் உறையை நீட்டி, "சீலு கொஞ்சம் தெளிவா விழோணுமுங்க சார்" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. "எதுக்குங்க தம்பி?" என்று கேட்பார்கள். "சேத்து வெக்கறதுக்குங்க" என்றால் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். சீலை எடுத்துப் பழைய துணியில் துடைத்து, மையை ஒருமுறை ஒத்தி, வெறும் தாளில் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு உறையில் வைப்பார்கள். நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும் ஒன்றை ஒருவர் போற்றிச் சேர்க்கிறார் என்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி. 2025 செப்டம்பர் முதல் ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். தெளிவான கைச்சீல் விழுவதற்கு ரெஜிஸ்டர் உறையைத்தான் சேகரிப்பாளர்கள் நம்பியிருந்தோம். அந்த வழி அடைபட்ட பிறகு கவுண்டரில் நின்று கேட்டு வாங்குவதன் தேவை இன்னும் கூடிவிட்டது.

புதிதாக வரும் தலைகள் தவறாமல் கிடைக்க அஞ்சல்தலை வைப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. 200 ரூபாய் கட்டி ஆரம்பிக்கலாம். வெளியாகும் தலைகளும் முதல்நாள் உறைகளும் வீட்டுக்கே வரும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 'தீன்தயாள் ஸ்பர்ஷ்' என்று ஓர் உதவித்தொகைத் திட்டம் 2017 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஒரு வினாடி வினாத் தேர்வும், அஞ்சல்தலைகளை வைத்து ஒரு ப்ராஜெக்டும் செய்ய வேண்டும். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருக்க வேண்டும் அல்லது பிள்ளையின் பெயரில் அந்த வைப்புக் கணக்காவது இருக்க வேண்டும். சேலம், நாமக்கல் பள்ளித் தலைமையாசிரியர்கள் இதைக் காலை வணக்கத்தில் ஒருமுறை அறிவித்தாலே எத்தனையோ பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். தொகுப்பை அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைக்க ஒரு சட்டகம் என்பது ஏ4 தாளில் பதினாறு பக்கம். தியான்சந்துக்கு மூன்று ஒலிம்பிக், ஒரு தலை, ஜான்சி, சென்னையில் அச்சான புத்தகம்: பதினாறு பக்கம் தாராளமாக நிறையும்.

வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். பழைய ஒலிம்பிக் முத்திரைகளில் போலிகளும் உண்டு. தேதி மிகச் சரியாக இருந்து, விலையும் மிக மலிவாக இருந்தால், வாங்குவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். மையின் நிறம், தலையிலிருந்து உறைக்கு இறங்கும் இடத்தில் சீலின் கோடு ஒழுங்காகத் தொடர்கிறதா என்பது, முகவரியின் கையெழுத்து இவை எல்லாம் பேசும்.

இந்தியாவில் அஞ்சல்தலையில் இடம் பெறுவது வழக்கமாக மறைந்தவர்கள்தான். நூற்றாண்டோ, மறைந்து பத்து, இருபத்தைந்து, ஐம்பது ஆண்டு நிறைவோ வரும்போது பரிசீலிப்பார்கள். டெண்டுல்கர் போன்றவர்கள் விதிவிலக்கு. ஆகவே பாஸ்கரனின் முகத்தைத் தலையில் பார்க்க நாம் அவசரப்படவும் வேண்டாம். அவர் நீண்ட நாள் வாழட்டும். சிறப்பு உறையும் சிறப்பு முத்திரையும் அப்படி அல்ல. அவற்றை மாநில அளவிலேயே அஞ்சல் வட்டம் முடிவு செய்கிறது. ஓர் அமைப்போ பள்ளியோ விளையாட்டுச் சங்கமோ விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஒரு நாளையும் ஓர் ஊரையும் கேட்கலாம். இன்று வாழ்கிறவரை, இந்த ஊரை, அந்த நாளை ஒரு முத்திரையில் பதித்துவிட இது நேரான வழி. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் எறிந்தபோது அவர் ஊரான காண்ட்ராவில் அஞ்சல் துறை பொன்வண்ணத் தபால்பெட்டி ஒன்றையே வைத்தது.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016 செப்டம்பர் 9 அன்று ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்தடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் பதக்கம். அந்தத் தங்கத்துக்கு 2026 செப்டம்பர் 9 அன்று பத்து ஆண்டு நிறைகிறது. சேலத்து விளையாட்டுச் சங்கங்களும் பள்ளிகளும் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்களும் சேர்ந்து சென்னையிலுள்ள தலைமை அஞ்சல்துறைத் தலைவருக்கு எழுதுங்கள். மாரியப்பன் பெயரில் ஒரு சிறப்பு முத்திரையையும், பெரியவடகம்பட்டியில் பொன்வண்ணப் பெட்டி ஒன்றையும் கேளுங்கள். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். உறையில் போட்டு, தலை ஒட்டி, கவுண்டரில் கொடுத்து, சீல் தெளிவாக விழுந்ததா என்று பார்த்து அனுப்புங்கள்.